சின்ன வண்டியை எடுக்கச் சொன்னது நான்தான்

சின்ன வண்டியை எடுக்கச் சொன்னது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று ஒரு முறை தள்ளிப்போட்டுப் பட்டது போதும்.

எங்கள் தொழில் தளம் போடுவது. வீடு கட்டுகிறவர்கள் சுவர் எழுப்பி, பலகை அடித்து, கம்பி கட்டி முடித்ததும் எங்களைக் கூப்பிடுவார்கள். கலவை மெஷினோடு போய் ஒரே நாளில் கான்கிரீட் போட்டுவிட்டு வருவோம். என் வீட்டுக்காரர்தான் மேஸ்திரி. அவரையும் என்னையும் சேர்த்து எங்கள் செட்டில் பதினாறு பேர், அதில் ஒன்பது பேர் பெண்கள். என் தங்கையும் ஒருத்தி. புருஷன் செத்த பிறகு மகளைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டவள். ஆள் ஒல்லி, ஆனால் காலில் என்ன இருந்ததோ தெரியாது, கான்கிரீட் சட்டியோடு சாரத்தின் மேல் அவள் ஏறுவதைப் பார்த்தால் வீடு கட்டுகிறவர்களே கீழே நின்று வாயைப் பிளப்பார்கள். நான் அவளைத் திட்டாத நாள் கிடையாது. "மெதுவா ஏறுடி, உன்ன யாரு துரத்துறா?" என்பேன். "நீ கீழ கத்துறியே, அதான் துரத்துது" என்பாள்.

மெஷின் எங்களுக்குச் சொந்தம். அதற்குச் சக்கரம் உண்டு, ஆனால் தானாக ஓடாது. முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியை ஒரு வண்டியின் கொக்கியில் மாட்டி இழுத்துப்போக வேண்டும். ஒரு டன்னுக்கு மேல் எடை. பிரேக் என்ற ஒன்றே அதில் கிடையாது. முன்னால் போகிற வண்டி நின்றால்தான் அதுவும் நிற்கும். பல வருஷமாக எங்கள் ஊர்க்காரர் ஒருவரின் டிராக்டர்தான் அதை இழுத்தது. மக்காச்சோளம் விதைக்கிற நாள் வந்துவிட்டால் அந்த டிராக்டரைப் பிடிக்க முடியாது. "இதோ வரேன்" என்பார். அந்த இதோ மத்தியானம் வரைக்கும் போகும்.

வாலிகண்டபுரத்தில் ஒரு வீடு. காலை ஏழரைக்குள் முதல் சட்டி கொட்டியாக வேண்டும் என்று நேரம் குறித்திருந்தார்கள். எங்கள் தொழிலில் இது பெரிய விஷயம். மெஷினுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, சூடம் காட்டி, எலுமிச்சம்பழத்தை நசுக்கி, வீட்டுக்காரம்மா கையால் முதல் சட்டியைத் தொட்டுக் கொடுத்து, அது தளத்தில் விழ வேண்டும். எல்லாம் நல்ல நேரத்துக்குள். அன்றைக்கு டிராக்டர் வந்தபோது மணி ஒன்பது. அந்த அம்மா வாசலில் நின்று, "நேரம் போனதுக்கு அப்புறம் ஊத்துற தளத்துக்குக் கீழ எம் புள்ளைங்கள எப்படிங்க படுக்க வைப்பேன்?" என்று கேட்டார். வேறொரு செட்டுக்கு ஆள் அனுப்பிவிட்டார்கள். பதினாறு பேரும் ரோட்டோரம் மெஷினைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். போகிற வருகிறவர்கள் எல்லாம் எங்களைப் பார்த்துக்கொண்டு போனார்கள். எனக்கு மானமே போயிற்று. அன்றைக்கே சொந்த வண்டி என்று முடிவாகிவிட்டது.

பெரம்பலூர் பைபாஸ் பக்கம் பழைய வண்டி விற்கிற இடத்தில் இரண்டு வண்டிகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒன்று பெரிய பிக்கப். நீள மூக்கு, தடித்த டயர். இன்னொன்று எல்லோரும் குட்டியானை என்று சொல்கிற சின்ன லோடு வண்டி. என் வீட்டுக்காரர் பெரியதன் மூக்கைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே நின்றார், மாட்டுச் சந்தையில் நிற்கிற மாதிரி.

"இதுதாங்க மெஷினுக்குச் சரி" என்றார் விற்கிறவர். "சின்னது காய்கறி ஏத்த நல்லா இருக்கும். இழுக்கறதுக்கு எடுக்காதீங்க."

"காய்கறி ஏத்துனா என்னங்க, நம்ம சந்துக்குள்ள இது திரும்புமா?" என்று நான் குறுக்கே விழுந்தேன். "கட்டுற வீடெல்லாம் சந்துக்குள்ளதான் இருக்கு. மெஷின மெயின் ரோட்டுல நிறுத்திட்டு ஜல்லிய முந்தானையிலயா அள்ளிக்கிட்டுப் போறது?"

சந்து என்று நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் அது காரணமுமில்லை.

காரணம் வேறு. நான் பெரம்பலூரில் டிரைவிங் கிளாஸ் போய் லைசென்ஸ் எடுத்திருந்தேன். நாற்பது வயதுக்கு மேல். "கலெக்டரு ஆபீசுக்கா வண்டி ஓட்டப் போற?" என்று வீட்டுக்காரரே சிரித்தார். செட்டு ஆம்பளைகள் ஒரு மாசம் அதையே பேசினார்கள். எனக்கு ரோஷம். அந்தக் கடையில் யாரும் பார்க்காத நேரம் பெரிய வண்டியில் ஏறி உட்கார்ந்து பார்த்தேன். காலை நீட்டினால் கிளட்ச் பாதிதான் எட்டியது. கிளாஸ் வண்டியின் சீட் ஆடாமல் அசையாமல் இருக்கும், முதுகுக்குத் தலையணை வைத்துத்தான் ஓட்டியிருந்தேன். இதில் என்ன செய்வதென்று தெரியவில்லை. நாலு ஆம்பளைகள் நடுவில் கேட்கவும் வாய் வரவில்லை. ஒருத்தருடைய வாய்க்கும் பயப்படாத நான் அதற்குப் போய் வெட்கப்பட்டேன் பாருங்கள். இறங்கிச் சின்னதில் ஏறினேன். எல்லாமே கைக்கும் காலுக்கும் எட்டியது. அவ்வளவுதான், முடிவு செய்துவிட்டேன். வெளியே வந்து சந்து, சந்து என்று சொன்னேன்.

"இழுக்குதான்னு பாத்துட்டுத்தான் வாங்குவேன்" என்று வீட்டுக்காரர் பிடிவாதமாக இருந்தார். ஞாயிற்றுக்கிழமை வண்டியை ஊருக்குக் கொண்டுவந்தார்கள். கொக்கி பற்றவைத்து மெஷினை மாட்டினோம். வேடிக்கை பார்க்க வந்த செட்டு ஆள் எல்லோரும் பின்னால் ஏறிக்கொண்டார்கள். லோடு வண்டியில் ஆள் ஏற்றக்கூடாது என்பது எங்களுக்குத் தெரியாதா? ஆனால் தளம் போடப் போகிற செட்டு எது பஸ்ஸில் போகிறது? மேட்டில் ஏறும்போது மெஷினின் கனம் பின்னால் அழுத்த, வண்டியின் மூக்கு லேசாகத் தூக்கியது. வீட்டுக்காரர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, "முன்னால நெருங்கி உக்காருங்க!" என்று கத்தினார். எல்லோரும் சிரித்துக்கொண்டே டிரைவர் கூண்டோடு ஒட்டி நெருங்கினார்கள். மூக்கு இறங்கியது. வண்டி ஏறிவிட்டது. இறக்கத்திலும் நன்றாக நின்றது. கைதட்டினோம்.

ஆள் இல்லாமல் ஒரு முறை ஓட்டிப் பார்ப்போம் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. ஆள் இல்லாமல் அந்த வண்டி எங்கே போகப்போகிறது என்றுதான் நினைத்தோம்.

அன்றிலிருந்து "முன்னால நெருங்கு" என்பது எங்கள் செட்டின் சட்டமாகிவிட்டது. கனத்த ஆட்கள் கூண்டை ஒட்டி, மற்றவர்கள் அவர்களுக்குப் பின்னால். காற்றுக்காக யாராவது பின்பக்கம் போய் உட்கார்ந்தால் எல்லோரும் சேர்ந்து திட்டுவார்கள். என் தங்கைதான் அதிகம் திட்டு வாங்கியவள், ஓர் இடத்தில் உட்கார மாட்டாள். நான் ஓட்ட ஆரம்பித்தேன். முதலில் ஊருக்குள், பிறகு வேப்பந்தட்டை வரைக்கும், பிறகு எங்கும். சிரித்த ஆம்பளைகள் என் பின்னால் உட்கார்ந்து வந்தார்கள். அந்த நாலைந்து மாசம் நான் சந்தோஷமாக இருந்தேன். இதை மறைக்க என்ன இருக்கிறது?

ஆவணியில் அரும்பாவூர்ப் பக்கம் ஒரு வீடு. மூன்று மணிக்கெல்லாம் தளம் முடிந்துவிட்டது. எங்கள் செட்டுப் பெண் ஒருத்தியின் மகளுக்கு அன்று சாயங்காலம் பக்கத்து ஊரில் மஞ்சள் நீராட்டு. எல்லோரும் கைகால் கழுவிக்கொண்டு டவுன் பஸ்ஸில் நேராக அங்கே கிளம்பினார்கள். மேஸ்திரி போகாமல் பந்தி தொடங்காது. நானும் தங்கையும் மெஷினைக் கொண்டுபோய் வீட்டில் விட்டு, புடவை மாற்றிக்கொண்டு பின்னால் வருவதாகப் பேச்சு.

"ஓட்டிக்கிட்டுப் போயிருவியா?" என்று வீட்டுக்காரர் பஸ் படியில் நின்று கேட்டார்.

"இத்தன நாளா உங்க தாத்தாவா ஓட்டுனாரு? போங்க."

கூண்டில் என் பக்கத்து சீட்டில் டீசல் கேனும், கான்கிரீட்டை அதிரவைத்து இறுக்குகிற வைப்ரேட்டரும் இருந்தன. தங்கை பின்னால் ஏறி, சட்டப்படி முன்னால் நெருங்கி உட்கார்ந்தாள். கொஞ்ச தூரம் போனதும் சட்டிகள் உருளும் சத்தம் கேட்டது. கண்ணாடியில் பார்த்தேன். அவள் எழுந்துபோய் அவற்றைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமே உட்கார்ந்துவிட்டாள். "முன்னால வாடி" என்று கத்தினேன். அவளுக்குக் கேட்டதோ இல்லையோ.

ஏரிக்கரையிலிருந்து ரோடு இறங்குகிற இடம். தூறல் போட்டு நின்றிருந்தது. பிரேக்கில் கால் வைத்தேன். வண்டி நிற்கவில்லை. பின்னாலிருந்து யாரோ இரண்டு கையாலும் தள்ளுகிற மாதிரி இருந்தது. ஸ்டியரிங்கைத் திருப்பினேன், அது லேசாகச் சுற்றியது, வண்டி திரும்பவில்லை. மெஷின் ஒரு பக்கமாக வந்து வண்டியின் பின்புறத்தைச் சுழற்றிக்கொண்டு போயிற்று. நான் அம்மா என்று கத்தினேன். கரையோரக் கல்லில் மோதி நின்றோம். எனக்கு உதட்டில் மட்டும் ரத்தம். இறங்கி ஓடினேன். தங்கை கீழே கிடந்தாள். வலது காலில், முழங்காலுக்குக் கீழே, மெஷின் சக்கரம் ஏறி இறங்கியிருந்தது. அவள் அழவில்லை. சட்டி எல்லாம் எங்கே என்று என்னைக் கேட்டாள்.

கால் பிழைக்குமா என்று ஆஸ்பத்திரியில் மூன்று நாள் டாக்டர்களுக்கே தெரியவில்லை. நாலாம் நாள், கம்பி வைத்திருக்கிறோம், காலை எடுக்க வேண்டியதில்லை, ஆனால் பழைய மாதிரி நடக்க முடியாது என்றார்கள். அவளிடம் போய்ச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்ன முதல் பேச்சு இதுதான்: "நான் பின்னால போயிட்டேன்க்கா. மாமா அவ்ளோ தடவ சொல்லியும் போயிட்டேன். உனக்கும் ஏதாவது ஆயிருந்தா?"

"விடுடி, இப்ப என்ன அதுக்கு" என்றேன். இல்லை என்று சொல்லவில்லை. அப்போது எனக்கும் அது உண்மையாகத்தான் பட்டது. சட்டத்தை மீறினாள், வண்டி தூக்கிவிட்டது என்றுதான் நானும் நம்பினேன். அந்த வாரம் முடியும்வரை நம்பினேன். அதற்கு மேல் எனக்குச் சாக்கு கிடையாது.

அந்த வாரக் கடைசியில் கொக்கி பற்றவைத்த மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டுபோனோம். வீட்டுக்காரர் டீ குடிக்கப் போயிருந்தார். மெக்கானிக் வளைந்த கொக்கியைப் பார்த்துவிட்டு, "எத்தன பேரு இருந்தாங்க பின்னால?" என்று கேட்டார்.

"ஒருத்திதான். எந் தங்கச்சி. அவ பின்பக்கம் போயி உக்காந்துட்டா, அதான்..."

"அட, ஏம்மா நீங்க!" என்றார். "அந்தப் பொண்ணு என்ன எடை இருக்கும்? அது முன்னால இருந்தா என்ன, பின்னால இருந்தா என்ன? மெஷினு வண்டியவிடக் கனம். பதினஞ்சு பேரு ஏறி உக்காந்தப்ப அவங்கதான் வண்டிய ரோட்டோட அழுத்திப் பிடிச்சிருக்காங்க. அவங்க இல்லன்னா மூக்குல எடையே இல்ல. பிரேக்கு புடிக்காது, ஸ்டியரிங்கு கேக்காது. ஆளோட இழுக்குதான்னு பாத்தீங்க, ஆளில்லாம நிக்குதான்னு பாத்தீங்களா? அந்தப் பொண்ணு உங்க மடியில உக்காந்திருந்தாலும் இது நடந்திருக்கும்மா. நல்லவேள, நீங்களாவது தப்பிச்சீங்க."

அவர் பேசி முடித்துச் சாமான் எடுக்க உள்ளே போன நேரம் வீட்டுக்காரர் வந்துவிட்டார். "என்னாங்கிறாரு?" என்று கேட்டார். "சின்ன வண்டி நம்ம மெஷினுக்குத் தாங்காதாம். பெருசு எடுக்கச் சொல்றாரு" என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன். அவர், "நான் அன்னிக்கே சொன்னேன்" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டாவது எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன்.

தங்கையிடம் சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்கே போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் தப்பு இல்லை என்றால் வண்டியின் தப்பு. வண்டியின் தப்பு என்றால் அதை எடுத்தவள் யார்? ஏன் எடுத்தாள்? விற்கிறவனே வேண்டாம் என்று சொன்ன பிறகும் ஏன்? இவ்வளவு தூரம் நான் போகத் தயாராக இல்லை. காலும் போய் அக்காவின் மேல் நம்பிக்கையும் போக வேண்டுமா என்று எனக்கு நானே நியாயம் பேசிக்கொண்டேன். எல்லாம் பசப்பு. பயந்தேன், அவ்வளவுதான்.

அவள் வீட்டுக்கு வந்துவிட்டாள். ஊன்றுகோலோடு கொல்லை வரை நடப்பாள். சின்ன வெங்காயம் தாள் அறுக்கிற வேலையை உட்கார்ந்தபடி செய்தாள். வியாபாரி மூட்டையை வீட்டிலேயே இறக்கிவிட்டுப் போவார். பார்க்க வருகிறவர்கள் எல்லோரிடமும், யாரும் கேட்காமலேயே, "நான்தாங்க பின்னால போயி உக்காந்தேன். எங்க அக்கா கத்திக் கூப்பிட்டுச்சு, நான் கேக்கல" என்று ஆரம்பிப்பாள். செட்டுப் பெண்கள், "நீ என்னைக்குடி ஒரு எடத்துல உக்காந்த?" என்று பாசமாகத்தான் கடிந்துகொள்வார்கள். வண்டி போய்விட்டதே, வேலை நின்றுவிட்டதே என்று வீட்டுக்காரரிடம் கை எடுத்துக் கும்பிட்டு அழுதாள் ஒரு நாள். "அட விடும்மா" என்று அவரும் அழுதார். நான் அடுப்படியில் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

இப்படி எட்டு மாதம். டிராக்டர்காரரின் 'இதோ'வுக்குத் திரும்பவும் காத்துக்கிடந்தோம். சித்திரையில் அரியலூரில் ஒரு பெரிய பிக்கப் இருப்பதாகச் சொல்லி வீட்டுக்காரர் என்னைக் கூட்டிப்போனார். மெஷினையும் டிராக்டரில் அங்கே கொண்டுவந்திருந்தார். பட்டபிறகு வந்த புத்தி. இந்த முறை ஆள் யாரும் இல்லை. வெறும் வண்டி, பின்னால் மெஷின். சுண்ணாம்புக்கல் லாரிகள் போகிற ரோட்டில் கொஞ்ச தூரம் ஓட்டி, ஒரு பாலத்தின் மேல் ஏற்றி, இறக்கத்தில் பாதியில் பிரேக் போட்டார். வண்டி நின்றது. மெஷின் ஒரு குலுங்கு குலுங்கி அதுவும் நின்றது. நான் முன்பக்கக் கம்பியைப் பிடித்திருந்த கை வலித்தது.

"பாத்தியா!" என்றார் என் வீட்டுக்காரர். சின்னப்பிள்ளை மாதிரி சந்தோஷம் அவருக்கு. "முன்னால நெருங்கி உக்கார ஒரு ஆளு வேணாம்!"

விற்கிறவர், "அம்மாவும் ஓட்டுவாங்கன்னு சொன்னீங்களே, ஓட்டிப் பாக்கட்டும்" என்றார். ஏறி உட்கார்ந்தேன். அதே கதை, கிளட்ச் பாதிதான் எட்டியது. "சீட்டுக்கு அடியில ஒரு கம்பி இருக்கும் பாருங்கம்மா, தூக்கிக்கிட்டு முன்னால நகருங்க" என்றார். கம்பியைத் தூக்கினேன். சீட் வழுக்கிக்கொண்டு முன்னால் வந்தது. கால் முழுசாகப் பதிந்தது.

நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். "ஓட்டும்மா" என்றார் வீட்டுக்காரர். "தலை சுத்துது" என்று சொல்லி இறங்கிவிட்டேன்.

ஊருக்கு வந்ததும் முகம்கூடக் கழுவவில்லை. தங்கை வெங்காயக் குவியலுக்கு முன்னால் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். "வண்டி முடிஞ்சுதாக்கா?" என்றாள். எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். மெக்கானிக் சொன்னதை அவர் சொன்ன மாதிரியே சொன்னேன். சந்து காரணமில்லை, நான் ஓட்டணும் என்கிற ஆசைதான் காரணம் என்றேன். சீட்டுக்கு அடியில் இருந்த கம்பியையும் சொன்னேன். "உம் மேல ஒண்ணும் இல்லடி. எல்லாம் நான் பண்ணுனது" என்றேன். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்த வேண்டும் என்று ஆசையாக இருந்தது.

அவள் கையிலிருந்த வெங்காயத்தின் தாளை அறுத்துப்போட்டாள்.

"ஆசப்பட்டு வாங்குன. அதுல என்னக்கா இருக்கு?" என்றாள். "இப்படி ஆவும்னு உனக்கென்ன தெரியும்? அத வுடு. மெக்கானிக்கு எப்ப சொன்னாரு?"

"நீ ஆஸ்பத்திரியில இருந்தப்ப."

"அப்பவேவா?"

"ஆமா."

அவள் அரிவாளைக் கீழே வைத்தாள். என் முகத்தைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை, புரியாமல் பார்த்தாள்.

"அப்ப வந்தவங்க போனவங்ககிட்ட எல்லாம் நான் மன்னிப்புக் கேட்டப்ப, மாமாவக் கையெடுத்துக் கும்பிட்டப்ப, நீ உள்ளதானேக்கா இருந்த?"

"ஆமாண்டி" என்றேன்.